கழற்றி வைத்த வன்தட்டு

“என்ர பிள்ளையின்ர படம் உன்ர கொம்பியூட்டருக்குள்ள இருக்குத்தானே பிள்ளை?”

2019ஆம் ஆண்டு தை மாதம் ஓர் அம்மா என் கடை வாசலில் நின்று இப்படிக் கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அதற்கு முதல் மாதம், 2018 மார்கழியில், இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அம்மாவின் வீட்டில் தண்ணீர் இடுப்பளவுக்கு நின்றது. சுவரில் மாட்டியிருந்த மகனின் படமும், பெட்டிக்குள் இருந்த சிறிய மூலப் படமும் ஊறிப் போய்விட்டன. மகன் 2009இல் காணாமற்போனவர். அவர் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நின்றபோது எடுத்த அந்த ஒரு படத்தைத் தவிர வேறு படம் அவரிடம் இல்லை.

அந்தப் படத்தை 2012இல் பெரிதாக்கிக் கொடுத்தவள் நான்தான். “ஒரு பிரதி கணினிக்குள்ளே வைத்திருக்கிறேன் அம்மா, எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ” என்று சொன்னவளும் நான்தான். ஆனால் அவர் வந்து கேட்ட அன்று அந்தப் பிரதி என்னிடம் இருக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னரே அது அழிந்து போயிருந்தது.

சகோதரிகளே, அது எப்படி அழிந்தது என்பதையும், அதன் பின்னர் ஒரு சிறிய வேலையை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் இங்கு எழுத விரும்புகிறேன். கணினிப் பெட்டியைத் திறந்து, படங்களும் பத்திரங்களும் உள்ள வன்தட்டின் இரண்டு வயர்களைத் தற்காலிகமாகக் கழற்றி வைப்பதுதான் அந்த வேலை. ஹாட் டிஸ்க் என்று கடைகளில் சொல்வார்களே, அதுதான் வன்தட்டு. வேலை பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. உங்களில் பலர் இன்று தையல் கடையிலோ, சங்க அலுவலகத்திலோ, வீட்டிலோ ஒரு பழைய மேசைக் கணினியை வைத்திருக்கிறீர்கள். ஆகவே இது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

என் கடையைக் கடை என்று சொல்வதே பெரிய சொல். சந்தியில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு கணினி, ஒரு ஸ்கானர், போட்டோக் கொப்பி இயந்திரம் ஒன்று, வருபவர்கள் இருக்க ஒரு வாங்கு. மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தோம். மூன்று மாதக் கணினிப் பயிற்சிநெறி ஒன்றை முடித்துக்கொண்டு 2011இல் இதைத் தொடங்கினேன். கடிதம் தட்டச்சுச் செய்வதற்கும் படிவம் நிரப்புவதற்கும்தான் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதிகம் வந்தவர்கள் சொப்பிங் பைகளோடு வந்த பெண்கள்.

அந்தப் பைகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓடும்போது எதை விட்டாலும் விடாத பைகள் அவை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, இரண்டு மூன்று படங்கள். மடித்த இடம் கிழிந்திருக்கும், சேறு பட்டிருக்கும். சில பத்திரங்களைத் தொடவே பயமாக இருக்கும். நான் அவற்றை ஸ்கான் செய்து ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதியைக் கணினியிலும் வைத்துக்கொள்வேன். அதற்காகவே கணினிக்குள் இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பூட்டுவித்தேன். முதலாவது தட்டில் விண்டோஸ் இருந்தது, இரண்டாவது தட்டில் இந்தப் படங்களும் பத்திரங்களும் இருந்தன. இரண்டும் 500 கிகாபைட், ஒரே நிறுவனத்தின் தட்டுகள். அப்படி ஒரே மாதிரி வாங்கியதுதான் பின்னர் வினையாகியது.

2014இல் ஒரு நாள் விண்டோஸ் தொடங்க மறுத்தது. நீலத் திரை வந்து வந்து போனது. பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்தில் ஒரு திருத்துமிடத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பிக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். “விண்டோஸ் புதுசாப் போடவேணும் அக்கா, பின்னேரம் வாங்கோ” என்றார். “உள்ளே படங்கள் இருக்கு” என்று நான் சொன்னேன். “டீ ட்றைவில தானே, அது ஒண்டும் ஆகாது” என்றார்.

பின்னேரம் கணினி வேகமாகத் தொடங்கியது. டீ என்ற எழுத்தும் இருந்தது. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது திரையில் வரும் பட்டியலில் சீ, டீ என்ற எழுத்துகள் இருப்பதில்லை. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றும், அவற்றின் கீழே பகுதிகளும் அளவுகளும் மாத்திரமே இருக்கும். இரண்டு தட்டுகளும் ஒரே அளவாக இருந்தால் எது எதுவென்று பார்த்து அறிவது கடினம். அவர் இரண்டிலும் இருந்த பகுதிகளை அழித்துவிட்டுப் புதிதாக அமைத்துவிட்டார். எனக்கு அவரோடு சண்டை பிடிக்கத் தெரியவில்லை. பேசாமல் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த பிழை என்னுடையது. அழிந்த தட்டிலேயே தொடர்ந்து புதிய வேலைகளைச் சேமித்து வந்தேன். தட்டு ஒன்று தவறுதலாக அழிக்கப்பட்டால் அதை உடனே நிறுத்தி வைத்துவிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பகுதிகளை அழிக்கும்போதும் விரைவாக ‘போர்மட்’ செய்யும்போதும் பெரும்பாலும் அழிவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான். கோப்புகளின் உள்ளடக்கம் தட்டில் அப்படியே கிடக்கும். அதன் மேலே புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால், மீட்டெடுக்கும் மென்பொருளால் ஒரு பகுதியையாவது எடுக்க இடமுண்டு. நான் இரண்டு கிழமைகளுக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தேன். பின்னர் ஒருவர் பார்த்தபோது சில படங்கள் பாதியாகவும் சாம்பல் கோடுகளாகவும் வந்தன. அந்த அம்மாவின் மகன் அவற்றில் இல்லை.

மூலப் படங்கள் உரியவர்களிடம் இருக்கின்றனவே என்று சொல்லி அப்போது மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லவுமில்லை. ஆகவேதான் 2019 தையில் அந்த வாசலில் எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். அம்மா வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தார். “பரவாயில்லை பிள்ளை, நீ என்ன செய்வாய்” என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த வருடம்தான் கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்கப் பழகினேன். கற்பித்தவர் எங்கள் அயலில் உள்ள ஒரு மாணவர், அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு பல்லி. உள்ளே தூசியும் எறும்பும் இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. தையல் இயந்திரத்தை மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிற நாங்கள் இந்தப் பெட்டியை மட்டும் ஏதோ கோவில் மூலஸ்தானம் மாதிரித் திறக்காமலே வைத்திருக்கிறோம்.

அவர் முதலில் தெளிவுபடுத்திய விடயத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சீ, டீ என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தால் இரண்டு வன்தட்டுகள் இருக்கின்றன என்று அர்த்தமில்லை. ஒரே தட்டை வளவுக்கு நடுவே வேலி போடுவது போல இரண்டாகப் பிரித்தும் வைத்திருப்பார்கள். அப்படியானால் கழற்றி வைப்பதால் பயனில்லை, கழற்றினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது பக்கச் சொடுக்குப் போட்டு ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்தால் கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகத் தெரியும். சீயும் டீயும் ஒரே வரிசையில் இருந்தால் தட்டு ஒன்றுதான். வெவ்வேறு வரிசையில் இருந்தால் இரண்டு. அந்தத் திரையில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே எதையும் அழுத்தி விளையாட வேண்டாம்.

கற்றதைச் செய்து பார்க்க வேண்டிய நாள் 2025 ஐப்பசியில் வந்தது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. எனது பழைய கணினியில் விண்டோஸ் 11 ஓடாது. அதற்கு வேண்டிய டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. புதிய கணினி வாங்குகிற பணம் என்னிடம் இல்லை. அன்றைய மாணவர் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். “லினக்ஸ் மின்ற் போடுவம் அன்ரி, காசில்லை, பழைய மெசினுக்கும் நல்லது” என்றார். தேய்ந்துபோன முதலாவது தட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கினேன். அவர் ஒரு பென் ட்றைவில் லினக்ஸை ஆயத்தம் செய்து அனுப்பிவிட்டார். விடுமுறை இல்லாதபடியால் அவரால் வர முடியவில்லை, தொலைபேசியில்தான் இருந்தார்.

இரண்டாவது தட்டில் அப்போது 2014இற்குப் பிந்திய பதினொரு வருட வேலை இருந்தது. உறுதிகள், பிறப்புப் பதிவுகள், காணாமற்போனோர் குறித்துப் பெண்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்த முறைப்பாடுகள் எல்லாம் அதற்குள். அதோடு அந்த அம்மாவின் மகனும் மீண்டும் இருந்தார். 2021இல் வெளிநாட்டிலுள்ள அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் பழைய குழுப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் மூன்றாம் வரிசையில் நின்ற முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன்.

பிரதி எடுத்து வைத்திருக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்திருந்தேன். வவுனியாவில் தங்கச்சி வீட்டில் வெளித்தட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் எட்டு மாதத்துக்கு முந்திய வேலைதான் இருந்தது. முதலில் அதை எடுப்பித்து இரண்டு நாட்களாக எல்லாவற்றையும் பிரதி செய்தேன். பிறகுதான் பெட்டியில் கை வைத்தேன். நீங்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள். வயரைக் கழற்றி வைப்பது அந்த ஒரு நாளில் நடக்கக்கூடிய பிழையிலிருந்துதான் காப்பாற்றும். தட்டு பழுதடைந்தால் காப்பாற்றாது.

வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் கணினியை முழுமையாக நிறுத்த வேண்டும். விண்டோஸ் 10இலும் 11இலும் நாங்கள் சாதாரணமாக நிறுத்தும்போது அது அரைத் தூக்கத்துக்குத்தான் போகிறது. அடுத்த முறை வேகமாகத் தொடங்குவதற்காகத் தட்டுகளைப் பற்றிய விபரங்களை நினைவில் வைத்துக்கொண்டு படுக்கிறது. அப்படி நிறுத்திய தட்டை லினக்ஸ் திறந்தால் வாசிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுமையாக நிற்கும்.

அடுத்து சுவர் ஆளியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றினேன். ஆளியை மட்டும் நிறுத்திவிட்டு விட வேண்டாம். எங்கள் வீடுகளில் வயரிங் செய்தவர்கள் எதை எங்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? யூ.பி.எஸ். இருந்தால் பெட்டிக்கு வரும் வயரை அதிலிருந்தும் கழற்ற வேண்டும். அதன் பிறகு கணினியின் தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தேன். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் அதனால் வடிந்துவிடும். பெட்டியின் பின்புறத்தில் வயர் வந்து சேரும் இரும்புக் கட்டியைத்தான் பவர் சப்ளை என்பார்கள். அதை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

பெட்டியை மேசையில் சரித்து வைத்தேன். முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கத் தகடுதான் பெரும்பாலும் கழற்ற வேண்டிய தகடு. பின்னால் இரண்டு ஸ்குறூ, கழற்றிவிட்டுத் தகட்டைப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். ஸ்குறூக்களை ஒரு பிளேன்ரீக் கோப்பைக்குள் போட்டு வைத்தேன். புதிதாக வாங்கிய கணினியானால் பெட்டியில் உத்தரவாத ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடலாம், ஆகவே வாங்கிய இடத்தில் கேட்டுவிட்டுத் திறவுங்கள்.

உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் பூச்சில்லாத இரும்பை ஒருமுறை தொட வேண்டும். எங்கள் உடலில், முக்கியமாக நைலோன் சேலையோ பொலியெஸ்டர் சட்டையோ உடுத்தியிருக்கும்போது, நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். எங்களுக்குத் தெரியாத அளவு மின்சாரமே தட்டின் பலகையைப் பழுதாக்கப் போதும். நான் அன்று பருத்திச் சட்டை போட்டிருந்தேன், வளையலையும் கழற்றி வைத்தேன்.

வன்தட்டு ஒரு சிறிய புத்தகம் அளவான, பாரமான உலோகப் பெட்டி. மேலே நிறுவனத்தின் பெயர், கொள்ளளவு, தொடர் இலக்கம் எல்லாம் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். எனது இரண்டும் ஒரே மாதிரி என்று சொன்னேனே, 2019லேயே ஒன்றில் ‘படங்கள்’ என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன். அதில் இரண்டு செருகிகள் பூட்டியிருக்கும். ஒடுக்கமானது தகவல் வயர், 7 தொடுகைகள் கொண்டது, பெரும்பாலும் சிவப்பு நிறமாக இருக்கும். அகலமானது மின் வயர், அதில் 15 தொடுகைகள். 2003ஆம் ஆண்டளவில் வந்த சாட்டா என்ற முறை இது. இதைவிடப் பழைய கணினியானால் இரண்டு அங்குல அகலத்துக்குக் கிட்ட நாடாப் போன்ற தட்டையான வயரும், நாலு கம்பிகள் உள்ள மின் செருகியும் இருக்கும். அந்த வகையில் ஒரே நாடாவில் இரண்டு தட்டுகள் பூட்டியிருந்தால் ‘மாஸ்ரர்’, ‘ஸ்லேவ்’ என்று சிறிய குப்பியால் ஒழுங்கு செய்திருப்பார்கள். அதை அறிந்தவரைக் கொண்டு செய்விப்பது நல்லது.

கழற்றுமுன் கைத்தொலைபேசியால் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொண்டேன். எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு நினைவிலிருந்து சொல்ல முடியாது.

செருகியைக் கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். வயரில் பிடித்து இழுக்கக்கூடாது, செருகியின் உடலில் பிடிக்க வேண்டும். சிலவற்றில் சிறிய இரும்பு நாக்கு இருக்கும், அதை அழுத்திக்கொண்டு நேராக இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் தட்டின் பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் விளிம்பு உடைந்துவிடும், அது உடைந்தால் தட்டையே பாவிக்க முடியாமற்போகலாம். இந்த உட்செருகிகள் 50 தடவைகள் பூட்டிக் கழற்றுவதற்கென்றுதான் வடிவமைக்கப்பட்டவை. ஆகவே இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், தேவைக்கு மட்டும் செய்யுங்கள்.

நான் இரண்டையும் கழற்றினேன். உண்மையில் ஒன்றைக் கழற்றினாலே கணினிக்குத் தட்டுத் தெரியாது. ஆனால் மின் வயரை விட்டுவைத்தால் தட்டு வீணாகச் சுழன்றுகொண்டிருக்கும். தட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை, ஸ்குறூக்களோடு அது தன் இடத்திலேயே இருந்தது. தொங்கிய இரண்டு வயர் நுனிகளையும் காற்றாடியில் சிக்காதபடி ஓரமாக மடித்து ஒரு இறப்பர் வளையம் போட்டேன். புதிய கணினிகள் சிலவற்றில் வயரே இல்லாமல் சூயிங்கம் துண்டு போன்ற தட்டு தாய்ப்பலகையில் நேராகப் பூட்டப்பட்டிருக்கும். அதற்கு ஒரேயொரு மிகச் சிறிய ஸ்குறூ, அதைக் கழற்றித் தட்டையே வெளியே எடுக்க வேண்டும்.

பழைய முதலாவது தட்டின் வயர்களைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் பூட்டினேன், செருகிகள் அதே மாதிரிதான். கணினியைத் தொடங்கி, நிறுவும் திரை வந்தபோது அதில் ஒரேயொரு தட்டுத்தான் தெரிந்தது. ‘தட்டை முழுவதும் அழித்து நிறுவவும்’ என்ற வரியை அழுத்தும்போது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கை நடுங்கவில்லை. அழிப்பதற்கு அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு தட்டுகள் பூட்டியிருந்தால் கணினி தொடங்குவதற்கு வேண்டிய சிறு பகுதியை நிறுவும் மென்பொருள் சில வேளைகளில் மற்றத் தட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு அந்தத் தட்டைக் கழற்றினால் கணினி தொடங்காது.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மீண்டும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பொத்தானை அழுத்தி, இரும்பைத் தொட்டு, வயர்களைப் பூட்டினேன். செருகியின் உள்ளே வாய்க்கால் வளைவு போல ஒரு மூலை இருக்கிறது, ஆகவே திருப்பிப் பூட்ட முடியாது. போகவில்லையென்றால் பலவந்தம் செய்யாமல் திருப்பிப் பாருங்கள்.

தொடங்கினேன். தட்டு இல்லை. எஸ்.எஸ்.டி. மட்டும்தான் தெரிந்தது.

2014ஆம் ஆண்டின் அந்தப் பின்னேரம் அப்படியே திரும்பி வந்தது. தம்பிக்கு அழைத்தேன். வகுப்பில் இருந்தாரோ என்னவோ, எடுக்கவில்லை. கதிரையில் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பிறகு அவர் முன்னொருநாள் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. தட்டின் ஓரத்தில் விரல் நுனியை மெதுவாக வைத்தேன். சுழலும் தட்டானால் ஒரு மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால் தட்டுக்கு மின்சாரம் போகவில்லை. அதிர்வு இருந்தும் தட்டுத் தெரியாவிட்டால்தான் தகவல் வயரைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி நிறுத்திக் கழற்றிப் பார்த்தேன். பயத்தில் மின் செருகியைப் பாதிக்குத்தான் அழுத்தியிருக்கிறேன். விளிம்போடு விளிம்பு சேரும்வரை அழுத்தினேன். தொடங்கியபோது விரலுக்குக் கீழே அது உறுமத் தொடங்கியது.

இந்த இடத்தில் விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீண்டும் பூட்டிய தட்டைப் பார்த்து ‘இதைப் போர்மட் செய்ய வேண்டுமா’ என்றோ ‘இனிஷியலைஸ் செய்ய வேண்டுமா’ என்றோ கணினி கேட்டால் வேண்டாம் என்றே பதில் கொடுங்கள். வயரைச் சரிபாருங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள். டீயாக இருந்தது ஈயாக மாறித் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, எழுத்துத்தான் மாறியது. கணினி பிழையான தட்டிலிருந்து தொடங்கப் பார்த்தால், தொடங்கும் ஒழுங்கைப் பயோஸ் திரையில் மாற்றிவிட்டால் சரி.

படங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிறகு தட்டச்சுச் செய்த முறைப்பாடு ஒன்றைத் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துகள், ஒரு சொல்லும் தமிழில் இல்லை. இரண்டாவது தடவையாக வயிற்றைக் கலக்கியது. அந்த நேரம்தான் தம்பி அழைத்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “பாமினி எழுத்துருவில அடிச்சது அன்ரி. புது சிஸ்ரத்தில பாமினி இல்லை. அதைப் போட்டால் வந்திடும்.” பழைய வெளித்தட்டில் எழுத்துருக் கோப்பு இருந்தது. போட்டதும் சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழுக்குத் திரும்பின.

கடைசியாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது படங்களும் பத்திரங்களும் உள்ள தட்டு தனியாக இருந்தால், அதை முழுவதுமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். திருத்துபவரைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் படங்களும், எங்கள் கையெழுத்துகளும், யாரைப் பற்றி என்ன முறைப்பாடு கொடுத்தோம் என்பதும் எங்களுக்கு முன்னால் திறக்கப்பட வேண்டியவை. தட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு ஸ்குறூக்கள் இருக்கும். கழற்றிய தட்டைக் கீழே போடவோ தட்டவோ கூடாது, உள்ளே கண்ணாடி போன்ற வட்டுகள். வாங்கியபோது வந்த சாம்பல் நிற மின்தடுப்புப் பை இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு கடதாசி உறைக்குள் வைத்து அட்டைப் பெட்டியில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வழமையான சொப்பிங் பைக்குள் மட்டும் சுற்ற வேண்டாம். அந்தப் பிளாஸ்ரிக் உரசி உரசி நிலைமின்சாரத்தை உண்டாக்கும். எத்தனையோ உறுதிகளைக் காப்பாற்றிய பைதான், ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது வாங்கில் அந்த அம்மா இருந்தார். பேரப்பிள்ளையின் பாடசாலை அனுமதிக்குப் படிவம் நிரப்ப வந்திருந்தார். நிரப்பிக் கொடுத்தேன். போகும்போது மொனிற்றரைப் பார்த்து, “திரையெல்லாம் மாறிக் கிடக்கு, அவன் உள்ளதானோ?” என்று கேட்டார். கோப்பைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். “இன்னொரு கொப்பி எடுத்துத் தா பிள்ளை, மூத்தவள் வீட்டையும் ஒண்டு இருக்கட்டும்” என்றார். புதிய சிஸ்ரத்தில் பிரின்டரை இன்னும் பூட்டியிருக்கவில்லை. பின்னேரம் வரச் சொன்னேன்.